வீட்டுக் கறுப்பு

இத்தாலியில் பிராத்தோ ஊரில் ஓர் ஆள் கண்ணை மூடினால் முதலில் பாதிரியார் வருவார், அடுத்துத் தையல்காரர் வருவார். சாயக்காரன் ஸ்தோல்தோ இறந்த மறுநாள் காலையில் பாதிரியார் கொஞ்சம் தாமதித்துவிட்டதால் தையல்காரர் முந்திக்கொண்டார். ஜூலை மாத வெயில். சாயங்காலத்துக்குள் உடலை அடக்கம் செய்தாக வேண்டும், அதற்குள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் கறுப்பு தைத்தாக வேண்டும். தையல்காரர் இரண்டு கையாட்களையும் ஒரு கட்டுக் கறுப்புக் கம்பளியையும் கூடத்தில் இறக்கிவிட்டு, முடிச்சுப் போட்ட அளவுக் கயிற்றை இடுப்பிலிருந்து உருவினார்.

முதலில் இறந்தவனின் அண்ணன் நூத்தோ. வீட்டுக்கு மூத்தவன் என்பதால் அவனுக்குத் தலைமூடியோடு குதிகால்வரை தொங்கும் அங்கி, பதினான்கு முழம். அடுத்து அவன் மகன்கள் இருவர், ஆளுக்குப் பத்து முழம். பிறகு அவன் மனைவி நான்னா. துக்கத்திலும் இடுப்பு எங்கே இருக்கிறது என்பது தெரிய வேண்டும் என்று அவள் தையல்காரரிடம் மெதுவாகச் சொல்லிவைத்தாள். அடுப்படி வேலைக்காரிக்குக்கூட ஒரு கறுப்புத் தலைத்துணி கிடைத்தது. வரிசையின் கடைசியில் தியனோரா நின்றாள். இறந்தவனின் மனைவி. தன் முறை வந்ததும் அளவெடுக்கத் தோதாக இரு கைகளையும் நீட்டினாள்.

தையல்காரர் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்னை அளக்கலியே?" என்றாள் தியனோரா.

"அளக்கச் சொன்னவங்களை எல்லாம் அளந்தாச்சும்மா," என்று சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அவள் நீட்டிய கைகளைக் கீழே இறக்கினாள். அந்த ஊரில் இதற்குமேல் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கணவன் வீட்டார் தைத்துத் தரும் துக்கத் துணிக்கு அங்கே வீட்டுக் கறுப்பு என்று பெயர். அதை உடுத்திக்கொண்டு கோயில் படி இறங்குகிற விதவை அந்த வீட்டுக்காரி. சாகும்வரை அவளுக்கு அங்கே சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, பிள்ளைகளும் அவளோடு இருப்பார்கள். கறுப்பில்லாமல் படி இறங்குகிறவளைப் பிறந்த வீட்டார் அங்கேயே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், அடுத்த மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு. பிள்ளைகள் கூடப் போக முடியாது. பிள்ளைகள் தகப்பன் வீட்டுக்குச் சொந்தம். தியனோராவுக்கு ஒரே மகள், மேயா. போன ஈஸ்டருக்கு ஐந்து வயது முடிந்தது.

நூத்தோ சரக்கறையில் இருந்தான். வருகிறவர்களுக்கு ஊற்ற வைத்திருந்த திராட்சை மது கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மூன்றாவது கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தான்.

"பெரியத்தான், எனக்குக் கறுப்பு?"

"உனக்கெதுக்கு?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "உங்க அண்ணன் கெரார்தோ வந்துட்டிருக்கான். அடக்கம் முடிஞ்சதும் உன்னைக் கூட்டிட்டுப் போறான். பிஸ்தோயாவுல பத்திரம் எழுதற நோட்டரி ஒருத்தர், பொண்டாட்டி தவறி ஆறு மாசம் ஆச்சு. வரதட்சணையே வேண்டாங்கறாராம். சொந்த வீடு, கோவேறு கழுதை, ரெண்டு வேலைக்காரி. உனக்கென்ன குறைச்சல்?"

"அவர் செத்தது நேத்து சாயங்காலம். அதுக்குள்ள பிஸ்தோயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நூத்தோ மீசையைத் துடைத்தான். "பன்னெண்டு நாளாக் காய்ச்சல் அடிச்சுதே," என்றான்.

"மேயா?"

"மேயா எங்க வீட்டுப் பொண்ணு. நான்னா பாத்துக்குவா. நீ ஏன் அதைப் போட்டு மனசைக் கொழப்பிக்கற?"

நான்னா எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்பது தியனோராவுக்குத் தெரியும். தன் வீட்டுப் பூனையைக்கூட நான்னா எலி பிடித்த நாளில்தான் சாப்பிட விடுவாள்.

நூத்தோவின் மனக்கணக்கு பெரிய ரகசியமில்லை. கெரார்தோ தங்கைக்குச் சொன்ன வரதட்சணையில் பாதிகூட இந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஆகவே அவளை அனுப்பினால் திருப்பித் தர ஒன்றுமில்லை, வைத்துக்கொண்டால் ஒரு வாய், ஒரு படுக்கை. கெரார்தோவுக்கோ நோட்டரி ஒருவர் மைத்துனராகக் கிடைத்தால் ஊரிலுள்ள பாதி வழக்குகளைச் சிரித்தபடியே முடித்துவிடலாம். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். மாடியில் ஒருவன் தண்ணீர் கேட்டு முனகிக்கொண்டிருந்தபோது கீழே கைகொடுத்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள், இரண்டு பேரும் வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்.

கெரார்தோ வந்தபோது வெயில் முற்றத்தில் இறங்கியிருந்தது. கோவேறு கழுதையின் சேணப்பையில் தங்கைக்காக ஒரு பழுப்பு அங்கியைக் கொண்டுவந்திருந்தான். பயணத்துக்கு ஏற்றது, அழுக்குத் தெரியாது.

"அழுவுடா கண்ணு, நல்லா அழு," என்று அவள் தலையைத் தடவினான். "சாயங்காலம் வரைக்கும் அழுதுக்க. அப்புறம் பச்சைத் தண்ணியில மொகத்தைக் கழுவிக்க. அவரு முதல்ல மொகத்தைத்தான் பார்ப்பாரு."

"அண்ணே, மேயாவை விட்டுட்டு என்னால வர முடியாது."

"பொட்டப்புள்ளதானே. அங்க போயி ரெண்டு ஆம்பளப் புள்ளையாப் பெத்துக்க."

அதற்குப் பிறகு அவள் அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லாத இடத்தில் கேட்டுக்கொண்டே இருப்பது அவள் பழக்கமில்லை. அழுகையும் வரவில்லை. ஸ்தோல்தோ நல்லவன். முழங்கைவரை நீலம் ஏறிய கைகள், ராத்திரியில் குறட்டை, எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள்மேல் கை ஓங்கியதில்லை. அவனுக்காக அழ வேண்டும், நிறைய அழ வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மேயாவைப் பற்றிய பயம் இருக்கும்போது அழுகைக்கு இடமில்லை.

கொஞ்ச நேரத்தில் பழைய துணி வியாபாரி பீனோ வந்து சேர்ந்தான். துக்கம் கேட்க வரவில்லை, நூத்தோதான் ஆளனுப்பியிருந்தான். தியனோராவின் கல்யாண அங்கியை விற்க வேண்டும். இதிலும் புதிதாக ஒன்றுமில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் செலவில் பெண்ணுக்கு அங்கி தைத்துப் போடுவான், ஊர் வாயைப் பிளக்கும், ஆனால் அங்கி பெண்ணுக்குச் சொந்தமாகாது. அது மாப்பிள்ளை வீட்டுத் துணி. பண முடை வந்தால் விற்பார்கள், இல்லையென்றால் வாடகைக்கு விடுவார்கள். பீனோவின் கடையில் தொங்கும் ஒவ்வொரு சிவப்பு அங்கியும் ஏழெட்டு மணப்பெண்களைப் பார்த்தது.

"போயி அதை எடுத்துட்டு வா," என்றான் நூத்தோ. அவள் மாடிக்குப் போய்ப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்தாள்.

கூடத்தில் ஸ்தோல்தோ கிடத்தப்பட்டிருந்தான். தலைமாட்டில் மெழுகுவத்திகள். சுற்றிலும் பேட்டைப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ரொட்டிக்கடை லாப்பா நடுவில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு. அவர்களுக்கு நடுவே அந்த அங்கி விரிந்தபோது ஒப்பாரி ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் தொடர்ந்தது. உலர்ந்த பூச்சியைக் காய்ச்சி எடுத்த அசல் சிவப்பு அது. ஸ்தோல்தோ தானே தோய்த்தது, யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பன்னிரண்டு முழம், இரண்டு கைகளிலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளிப் பொத்தான்கள்.

பீனோ ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தான். பொத்தான் ஒன்றை இழுத்துப் பார்த்தான். அக்குளில் மூக்கை வைத்து முகர்ந்தான்.

"துணி நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா நூத்தோ, இதுக்கு அந்தப் பொண்ணோட அண்ணன் பாத்தியதை கொண்டாடமாட்டானே? போன வருசம் ஒரு நீல அங்கிக்காக நீதிபதி வாசல்ல நாலு மாசம் நின்னேன். எனக்குக் கால்வலி."

"யாரு பாத்தியதை கொண்டாடறது?" நூத்தோ எழுந்து போய்த் தம்பியின் நெற்றியில் கையை வைத்தான். "எங்க வீட்டுத் துணி இது. இவ இதுல ஒரு நூல்கூடக் கொண்டுவரல. தம்பி தலைமேல சத்தியம்! லாப்பாக்கா, நீங்களும் கேட்டுக்குங்க."

தம்பிக்கு இனிமேல் எந்தச் சத்தியத்தாலும் கெடுதல் வராது என்பது அவனுக்குத் தெரியும். லாப்பா கேட்டுக்கொண்டதாகத் தலையை ஆட்டினாள். அடக்கத்துக்கு முன்னால் துக்க வீட்டிலிருந்து துணி வெளியே போகக் கூடாது, நாளைக் காலையில் காசோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பீனோ ஒரு கிண்ணம் மதுவோடு மூலையில் உட்கார்ந்துகொண்டான்.

"கொண்டுபோய்ப் பெட்டியில வை. மடிப்பு கலையாம," என்றான் நூத்தோ.

தியனோரா அங்கியைக் கைகளில் ஏந்திக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்றாள். எங்க வீட்டுத் துணி. சத்தியம், சாட்சி எல்லாம் வைத்து இந்த வீட்டுத் தலைவன் சொல்லியிருக்கிறான். வீட்டுக் கறுப்பு என்றால் என்ன? வீட்டுத் துணி, கறுப்பு நிறம். அதில் முதல் பாதி அவள் கையிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குச் சாயம் போதும், அவள் வாழ்க்கைப்பட்டதோ சாயக்காரன் வீட்டில். அவள் மேலே போகவில்லை. பின்பக்கப் படி வழியாகச் சாயப்பட்டறைக்கு இறங்கினாள்.

பட்டறை வாய்க்காலை ஒட்டி இருந்தது. துக்கத்துக்காக அடுப்புகளை அணைத்திருந்தார்கள். மாஸோ மட்டும் ஒரு கவிழ்த்த தொட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். ஸ்தோல்தோவிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியாததால் இங்கே வந்து உட்கார்ந்திருந்தான்.

"மாஸோ, சின்னக் கொப்பரைக்கு அடுப்பைப் பத்த வை. மாசிக்காய் பொடிச்சது இருக்கா?"

"இருக்கு முதலாளியம்மா. எதுக்கு..." என்று எழுந்தவன் அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். "வேண்டாம்மா," என்றான். "அது மட்டும் வேண்டாம்."

"நல்ல கறுப்பு வர எத்தனை நாளாகும்?"

"நீலத் தொட்டியில நாலு தடவை முக்கி, காய வச்சு, அப்புறம் மஞ்சிட்டி வேர்ச் சாயத்துல போட்டு... எப்படிப் பார்த்தாலும் ஒரு வாரம்."

"மாசிக்காயும் அன்னபேதியும்?"

"ரெண்டு மணி நேரம். அதெல்லாம் தொப்பிக்குப் போடற கறுப்பும்மா! துணியைத் தின்னுரும். நாலஞ்சு வருசத்துல கையில புடிச்சா பொடியா உதிரும். நல்ல கம்பளிக்கு அதைப் போட்டான்னு சாயக்காரர் சங்கத்துல தெரிஞ்சா என் கொப்பரையைப் புடுங்கி வாய்க்கால்ல போட்டுருவாங்க." அவன் குரல் உடைந்தது. "இந்தச் சிவப்பை மூணு தடவை தோய்ச்சாரும்மா அவரு. நான்தான் கழி பிடிச்சேன். ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இந்தச் சிவப்பு கிடைக்காது மாஸோன்னு சொன்னாரு. இதைப் போயி..."

"மேயாவை விட்டுட்டுப் போகச் சொல்றாங்க மாஸோ. இன்னைக்கே."

மாஸோ குனிந்து சுள்ளிகளை அடுக்க ஆரம்பித்தான்.

"பொத்தானை எல்லாம் அறுத்து எடுத்துரலாமா? வெள்ளி கறுத்துப்போகும்," என்று கேட்டான்.

"இருக்கட்டும். தேய்ச்சா பளிச்சுனு வந்துரும். அது கண்ணுல படணும்."

தண்ணீர் கொதித்தது. மாசிக்காய்ப் பொடி கரைந்து பழுப்பானது. அங்கியை உள்ளே இறக்கியபோது மாஸோ விசித்து விசித்து அழுதான். முதலாளி இறந்த செய்தி கேட்டு வராத அழுகை இப்போது வந்தது. தியனோரா கழியை அவன் கையிலிருந்து வாங்கித் தானே கிளறினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கி, அன்னபேதி உப்புக் கரைத்த தொட்டிக்கு மாற்றினார்கள். சிவப்பு முதலில் ஈரல் நிறமானது. பிறகு அழுகிய நாவற்பழம்போல் ஒரு நிறம், அதற்குப் பெயர் கிடையாது. பிறகு கறுத்தது. அவள் கைகளும் முழங்கைவரை கறுத்தன.

மாடியில் நான்னா அவளைத் தேடிவிட்டு அடுப்படி வேலைக்காரியிடம் கேட்டாள். தியனோரா மயங்கிப் படுத்திருக்கிறாள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நான்னாவைப் பிடிக்காது, அது ஒரு காரணமாக இருக்கலாம். கூடத்துப் பெண்கள் தலையசைத்துக்கொண்டார்கள். பெண்சாதி என்றால் இப்படி இருக்க வேண்டும், பாவம், எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

எழுந்து நிற்க முடியாதவள் அப்போது கீழே கம்பத்தில் சுற்றிய ஈர அங்கியின் ஒரு முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள், மறுமுனையில் மாஸோ. வெயிலில் அரை மணி நேரம்தான் தொங்கியிருக்கும், கோயில் மணி அடித்துவிட்டது. கறுப்பு நீர் சொட்டச் சொட்டவே எடுத்து உடுத்திக்கொண்டாள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தைத்தது, பக்கவாட்டில் இரண்டு விரற்கடை மூடவில்லை. கயிற்றால் இழுத்துக் கட்டினாள். சாம்பலைத் தொட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். மேலே தலையிலிருந்து பாதம்வரை கனத்த வெள்ளைத் துப்பட்டியை இரட்டையாகப் போர்த்திக்கொண்டாள். துக்கத்தில் நடக்கும் பெண்கள் அப்படித்தான் போர்த்துவார்கள், உள்ளே என்ன என்று யாரும் பார்ப்பதில்லை.

பூசை நீளமாக நடந்தது. ஈரக் கம்பளி உடம்பில் ஒட்டி, நெஞ்சுக்குக் குளிராகவும் முதுகுக்குச் சூடாகவும் இருந்தது. அவள் நின்ற இடத்தில் கல் தரையில் சின்னதாக ஒரு கறுப்புக் குட்டை தேங்கியது. கோயில் ஊழியன் அதைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மழை பெய்யவில்லை என்று கண்டு மெழுகுவத்திகளைக் கவனிக்கப் போனான். ஸ்தோல்தோவைக் கோயில் தரைக்கடியில் இறக்கிக் கல்லால் மூடினார்கள். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் தியனோராவுக்குக் கண்ணீர் வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை.

வாசற்படியில் கூட்டம் கூடி நின்றது. கீழே கெரார்தோ, கையில் கழுதையின் கடிவாளம், தோளில் அந்தப் பழுப்பு அங்கி. நூத்தோ தன் பதினான்கு முழக் கறுப்பில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றான். தியனோரா மேற்படியில் நின்று துப்பட்டியைத் தோளிலிருந்து நழுவவிட்டாள்.

"ஐயையோ, நனைஞ்சிருக்காளே!" என்றது ஒரு குரல். "பொத்தானைப் பாருடி, துக்கத்துக்கு வெள்ளிப் பொத்தான்!" என்றது இன்னொன்று.

கெரார்தோ பார்த்தது கறுப்பை மட்டும்தான். முகம் சிவந்துவிட்டது. "நூத்தோ! கைகுடுத்துட்டு இப்படிக் கழுத்தறுக்கறியா? கறுப்பு குடுக்கமாட்டேன்னுதானே சொன்ன?"

"நான் எங்க குடுத்தேன்? ஒரு முழம்கூடக் குடுக்கல! தையல்காரனைக் கேளு!"

"அப்ப இவ போட்டிருக்கறது என்ன?"

"எனக்கென்ன தெரியும்?"

தியனோரா ஒரு படி இறங்கினாள். "அவரைத் திட்டாதண்ணே," என்றாள். "பெரியத்தான் எனக்கு ஒண்ணும் குடுக்கல. இது என்னோடது. கல்யாணத்துக்கு எனக்குப் போட்டதுதானே? நான்தான் சாயம் முக்கிக்கிட்டேன். நான் போகும்போது இதையும் கொண்டுட்டுப் போறேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பீனோவுக்குத்தான் முதலில் புரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அங்கியின் ஓரத்தைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தான். விரல் கறுத்தது.

"அடப்பாவி மகளே! என் சிவப்பு!" என்று அலறினான். "பன்னெண்டு முழம் அசல் சிவப்பு!"

"உன் சிவப்பா?" என்றான் கெரார்தோ. அவன் கண் இப்போது பொத்தான்களின்மேல் இருந்தது. ஒரு கையில் பத்து, இரண்டு கையில் இருபது. நோட்டரி வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் தங்கைக்கு அது கௌரவம்தான், தானே வைத்துக்கொண்டாலும் கெட்டுப்போகாது. "என் தங்கச்சி உடம்புல இருக்கறது என் தங்கச்சியோடது. அவதான் சொல்றாளே. எவனும் அதுமேல கை வைக்கக் கூடாது."

"என்னது?" நூத்தோ மூன்று படிகளை ஒரே தாவலில் ஏறினான். "உன் தங்கச்சியோடதா? வரதட்சணையில பாதியை வாயிலேயே போட்டுக்கிட்ட பய நீ! அவ இந்த வீட்டுக்கு ஒரு நூல் கொண்டுவந்தாளா? எங்க வீட்டுத் துணிடா அது! காலையிலதான் தம்பி தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணேன். பீனோ, சொல்லு! லாப்பாக்கா, சொல்லுங்க! எங்க வீட்டுத் துணி!"

"ஆமா, சத்தியம் பண்ணான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்," என்றாள் லாப்பா. அவள் படியில் மெதுவாக இறங்கிவந்து, தியனோராவை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பெரிய முகத்தில் ஏதோ மலர்ந்தது. "அப்ப சரி. துணி நூத்தோ வீட்டுது. நிறம் கறுப்பு. பொண்ணு போட்டிருக்கா, கோயில் படியில நிக்கிறா. சாமி, நீங்க சொல்லுங்க, இதுக்கு நம்ம ஊருல என்ன பேரு?"

பாதிரியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பசி நேரம். "வீட்டுக் கறுப்பு," என்றார். "வேறென்ன?"

துக்கத்துக்கு வந்த கூட்டம் சிரித்தது. சிரிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே சிரிப்பு இன்னும் சத்தமாக வந்தது. நூத்தோ வாயைத் திறந்தான். தன் துணி இல்லை என்று இப்போது சொன்னால் காலையில் செய்தது பொய்ச் சத்தியம், செத்த தம்பியின் தலைமேல். பீனோவிடம் விலைபேசியது அடுத்தவர் பொருள். தன் துணிதான் என்று சொன்னால், அதைத்தான் இரண்டு முறை கத்திச் சொல்லியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டான். பதினான்கு முழத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் படியிறங்கியதைப் பேட்டைப் பெண்கள் அந்தக் கோடை முழுக்க ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டினார்கள்.

கெரார்தோ தங்கையிடம் வந்து நின்றான். "ஏமாத்திட்டேல்ல? நாளைக்கு அவன் சோறு போடலன்னா என் வாசலுக்கு வராத."

"வரமாட்டேண்ணே," என்றாள். அவனுக்குத் தன் வாயாலேயே காரியம் கெட்டது என்பது புரிய இன்னும் நேரமாகும் என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அவன் பழுப்பு அங்கியை மறுபடி சேணப்பையில் திணித்துக்கொண்டு பிஸ்தோயா சாலையில் போனான்.

வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையின் கடைக்கோடியில், வேலைக்காரிக்குப் பக்கத்தில், அவளுக்கு ரொட்டியும் அவரைக் கஞ்சியும் வைத்தார்கள். இனி எப்போதும் அங்கேதான் வைப்பார்கள் என்று நான்னா தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. பொத்தான்களை நான்னா அன்றைக்கே கத்தரித்து எடுத்துக்கொண்டாள், எண்ணிப் பார்த்துத்தான். தியனோரா கைகளை நீட்டி உதவினாள். கறுப்பைப் பற்றி விசாரிக்கச் சாயக்காரர் சங்கத்திலிருந்து வந்தவர்களிடம், முதலாளி சாகுமுன் தன்னிடம் சொல்லிவிட்டுப் போன வேலை அது என்று மாஸோ சாதித்துவிட்டான். செத்தவனுக்கு அபராதம் போட அவர்கள் விதியில் இடமில்லை.

மேயா அன்றைக்கு முழுக்க அடுப்படியில் இருந்தவள். அம்மாவைப் பார்த்ததும் முதலில் வேலைக்காரியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். முழங்கைவரை கறுத்த கைகள், கறுத்த கழுத்து, அழுது வீங்கிய முகம். பிறகு குரலைக் கேட்டு வந்தாள். மடியில் ஏறி, இன்னும் ஈரம் காயாத நெஞ்சில் கன்னத்தைப் பதித்து அப்படியே தூங்கிப்போனாள். தியனோரா அவளை இறக்கிவிடவில்லை.

காலையில் குழந்தையின் ஒரு பக்கக் கன்னமும் காதும் கறுப்பு. நான்னா சவுக்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், குழந்தை கத்தியதே தவிர நிறம் போகவில்லை. அது மங்கி மறைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதுவரை மேயா அந்தக் கன்னத்தோடு தெருவில் விளையாடினாள். அவள் யார் பிள்ளை என்று பேட்டையில் ஒருவருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.